தேசிய பீர் பாங் போட்டியில் நண்பர்களோடு இறங்குவது எப்படி?

அமெரிக்காவில் முதுகலை படிக்கும் ஒருவர், தானும் உடன் தங்கியிருக்கும் நண்பர்களுமாக ஆறு பேர் மூன்று இணைகளாகப் பிரிந்து தேசிய அளவிலான பீர் பாங் (மேசையின் மறுமுனையில் உள்ள கப்களில் பந்தை எறிந்து போடும் ஆட்டம்) போட்டி ஒன்றில் கலந்துகொள்ளப் போவதாகவும், வார இறுதிகளில் வீட்டில் ஆடிய பழக்கம் மட்டுமே இருப்பதாகவும் எழுதியிருக்கிறார். அங்கே ஆட்டம் எப்படி நடக்கும், யாரை யாருடன் சேர்ப்பது, எப்படிப் பயிற்சி செய்வது, எவ்வளவு குடிக்கலாம் என்பவை அவருடைய கேள்விகள். இந்த ஆட்டத்தைப் பல ஆண்டுகளாக ஆடியும் சிறு போட்டிகளை நடத்த உதவியும் வந்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை விரிவாகவே சொல்கிறேன். முதலில் சுருக்கமான பதில்: கைத்திறனில் ஏறக்குறைய சமமான இருவரைச் சேர்த்து, கடைசி மூன்று கப்களை வீழ்த்துவதையே, அதாவது அவற்றில் பந்தைப் போடுவதையே, பெரும்பாலும் பயிற்சி செய்து, போட்டி நாளில் மதுவை மிகக் குறைத்துக்கொண்டால், முதன்முறை போகிறவர்களாக இருந்தாலும் மரியாதையான இடத்துக்கு வரலாம். இதற்கான காரணங்கள் ஆட்டத்தின் கணக்கிலேயே இருக்கின்றன.

இது எப்படித் தேசியப் போட்டியாக வளர்ந்தது என்பதை முதலில் பார்ப்போம். நியூ ஹாம்ப்ஷயரில் உள்ள டார்ட்மத் கல்லூரி மாணவர்கள் 1950-களில் டேபிள் டென்னிஸ் மேசையில் மட்டையோடு ஆடிய ஆட்டமே இதன் மூத்த வடிவம். மட்டையை விட்டுவிட்டுக் கையால் பந்தை எறியும் இன்றைய வடிவம் 1980-களில் பென்சில்வேனியா மாநிலக் கல்லூரிகளில் பரவியது. அதே மாநிலத்தின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் படித்த பில்லி கெய்ன்ஸ், டங்கன் கரோல் ஆகியோர் இந்த ஆட்டத்துக்கென்றே ஓர் இணையதளம் நடத்தி, விதிகளைத் தொகுத்து, 2006 ஜனவரியில் நெவாடா மாநிலத்தின் மெஸ்கீட் என்ற சிறு நகரத்தில் 'வேர்ல்டு சீரிஸ் ஆஃப் பீர் பாங்' என்ற போட்டியைத் தொடங்கினார்கள். அவ்வாண்டு முதல் பரிசு 10,000 டாலர். சில ஆண்டுகளில் அது 50,000 டாலராக உயர்ந்தது. போட்டியும் லாஸ் வேகாஸ் நகரின் ஃபிளமிங்கோ ஓட்டலுக்கு மாறியது. 2009-இலும் 2010-இலும் ரான் ஹாமில்டன், மைக்கேல் போபியலார்ஸ்கி என்ற இருவரே தொடர்ந்து வென்றார்கள். நூற்றுக்கணக்கான அணிகள் மோதும் போட்டியில் ஒரே இணை அடுத்தடுத்து இரண்டு முறை பட்டம் வெல்வது என்பது, இந்த ஆட்டத்தை அதிர்ஷ்டத்தின் கையில் மட்டும் விட்டுவிட முடியாது என்பதற்கு எனக்குத் தெரிந்த மிக வலுவான சான்று.

இனி மேசையைப் பார்ப்போம். போட்டி மேசை 8 அடி நீளம், 2 அடி அகலம், ஏறக்குறைய 70 சென்டிமீட்டர் உயரம் கொண்டது. வீட்டில் நீங்கள் சாப்பாட்டு மேசையிலோ கதவுப் பலகையிலோ ஆடியிருந்தால், முதலில் செய்ய வேண்டியது இந்த அளவுக்கு ஒரு மடக்கு மேசை வாங்குவதுதான். இரு முனைகளிலும் நான்கு வரிசையாக, முக்கோண வடிவில் 10 பிளாஸ்டிக் கப்கள் நிற்கும். முக்கோணத்தின் கூர்முனை எதிரணியை நோக்கியிருக்கும். அணிக்கு இருவர், ஒரு முறைக்கு ஆளுக்கு ஒரு பந்து எறியலாம். பந்து விழுந்த கப் மேசையிலிருந்து எடுக்கப்படும். எதிரணியின் 10 கப்களையும் முதலில் எடுக்க வைத்த அணி வெல்லும். இருவருமே கப்பில் போட்டுவிட்டால் இரண்டு பந்துகளும் திரும்பக் கிடைத்து, மறுபடியும் எறியலாம். இதை 'பால்ஸ் பேக்' என்பார்கள். குறிப்பிட்ட எண்ணிக்கைக்குக் கப்கள் குறைந்ததும், மிஞ்சியவற்றை மீண்டும் நெருக்கமாக அடுக்குவது 'ரீரேக்'. கடைசிக் கப் விழுந்த பிறகும் தோற்கும் நிலையில் உள்ள அணிக்கு ஒரு கடைசி வாய்ப்பு உண்டு. அதற்கு 'ரிபட்டல்' என்று பெயர். அந்த வாய்ப்பில் அவர்கள் மிச்சக் கப்களையெல்லாம் வீழ்த்திவிட்டால், பக்கத்துக்கு மூன்று கப் வைத்துக் கூடுதல் ஆட்டம் நடக்கும்.

வீட்டு ஆட்டத்துக்குச் சுவை சேர்க்கும் பல விதிகள் போட்டியில் பெரும்பாலும் செல்லாது. மேசையில் தட்டிப் போட்டால் இரண்டு கப், தனித்து நிற்கும் கப்பைச் சொல்லி அடித்தால் கூடுதல் கப், கையிலிருக்கும் கப்பில் பந்து விழுந்தால் ஆட்டமே முடிந்தது என்பவையெல்லாம் ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு மாறும் விதிகள். எறியும்போது முழங்கை மேசை விளிம்பைத் தாண்டலாமா, உடலை எவ்வளவு தூரம் முன்னே சாய்க்கலாம், எந்த எண்ணிக்கையில் ரீரேக், ரிபட்டலில் எத்தனை பந்து ஆகிய நான்கையும் நீங்கள் பதிவு செய்யும் போட்டியின் அந்த ஆண்டு விதித்தாளில் பார்த்துக்கொண்டு, பயிற்சியின் முதல் நாளிலிருந்தே அப்படித்தான் ஆட வேண்டும். சாய்ந்து எறிந்து பழகியவரை நிமிர்ந்து எறியச் சொன்னால் அவருக்கு மேசையே நீண்டுவிட்டதுபோல் ஆகிவிடும். அந்தப் பழக்கத்தைப் போட்டி அரங்கில் மாற்றிக்கொள்ள நேரம் இருக்காது.

அடுத்தது, யாரை யாருடன் சேர்ப்பது என்ற கேள்வி. ஆறு பேரில் மிகச் சிறந்தவரை மிகப் பலவீனமானவரோடு சேர்த்தால் மூன்று அணிகளும் சமமாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். நட்பின் நோக்கில் அது நல்ல எண்ணம்தான், ஆனால் பால்ஸ் பேக் விதி அதற்கு எதிராக வேலை செய்கிறது. ஒருவர் 10 பந்தில் 6 போடுபவர், மற்றவரும் 6 போடுபவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருவரும் போட்டால் பந்துகள் திரும்ப வருவதையும் சேர்த்துக் கணக்கிட்டால், அந்த இணை ஒரு முறைக்குச் சராசரியாக 1.88 கப் எடுக்கும். ஒருவர் 8, மற்றவர் 4 என்றால் இருவரின் கூட்டுத்தொகை அதே 12-தான். ஆனால் சராசரி 1.76 கப்பாகக் குறைகிறது. 9-உம் 3-உம் என்றால் 1.64. பந்துகள் திரும்ப வர இருவரும் ஒன்றாகப் போட்டாக வேண்டும் என்பதால், ஒருவருடைய பலவீனம் மற்றவருடைய திறமையையும் வீணாக்கிவிடுகிறது. ஆகவே உங்கள் ஆறு பேரும் தலைக்கு நூறு பந்தாவது எறிந்து, விழுந்தவற்றை எண்ணி எழுதி, அருகருகே வரும் எண்ணிக்கைகளை இணையாக்குவதே சரி. மூன்று அணிகளும் சமமாக வராது. ஆனால் ஓர் அணியாவது நெடுந்தூரம் போகும்.

இதே கணக்கில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. இருவரும் 10-க்கு 5 போடுபவர்களாக இருந்தால் ஒரு முறைக்குச் சராசரி 1.33 கப், இருவரும் 6-க்கு உயர்ந்தால் 1.88, 7-க்கு உயர்ந்தால் 2.75. பத்தில் ஒரு பந்து கூடுதலாக விழுவது சிறிய முன்னேற்றமாகத் தோன்றினாலும், அதன் பலன் ஒவ்வொரு படியிலும் பெருகிக்கொண்டே போகிறது. வீட்டு ஆட்டத்தில் ராஜாவாக இருப்பவர்கள் பெரும்பாலும் 5-ஐ ஒட்டியவர்கள். தேசியப் போட்டியின் பிற்பகுதியில் எதிரே நிற்பவர்கள் 7-ஐத் தொட்டவர்களாக இருப்பார்கள். அவர்களுடைய ஒரு முறை உங்களுடைய இரண்டு முறைக்குச் சமம் என்பதைப் பதிவுக் கட்டணம் கட்டுவதற்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லது. பயிற்சிக்கு எத்தனை மாதம் ஒதுக்க வேண்டும் என்பது அதிலிருந்தே தெரிந்துவிடும்.

இணைக்குள் யார் முதலில் எறிவது என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். முதலாமவர் போட்டுவிட்ட நிலையில் இரண்டாமவர் எறியும் பந்தின் மதிப்பு ஒரு கப் மட்டும் இல்லை. அது விழுந்தால் அந்தக் கப்போடு இன்னொரு முழு முறையும் கிடைக்கிறது. 6-உம் 6-உமான இணைக்கு அந்த ஒரு பந்து ஏறக்குறைய 2.9 கப் பெறுமானம் உடையது. நெருக்கடியில் கை நடுங்காதவர் யாரோ அவரே இரண்டாவதாக எறிய வேண்டும். திறமை சமமாக உள்ள இருவரில் அப்படிப்பட்டவர் யார் என்பது நண்பர்களுக்கு மட்டுமே தெரியும். அறிமுகமில்லாதவரோடு சேர்ந்து ஆடுபவர்களுக்கு இந்த வசதி கிடையாது.

பந்து எறியும் முறைக்கு வருகிறேன். நான் மிகவும் அக்கறையோடு சொல்ல விரும்பும் பகுதி இது. டேபிள் டென்னிஸ் பந்தின் விட்டம் 40 மில்லிமீட்டர், எடை 2.7 கிராம். வழக்கமான சிவப்புப் பிளாஸ்டிக் கப்பின் வாய் ஏறக்குறைய 9.5 சென்டிமீட்டர். மேலிருந்து நேராக இறங்கும் பந்துக்கு அந்த வாய் முழுவதும் திறந்திருக்கும். 60 டிகிரி சாய்வில் இறங்கும் பந்துக்கு அது 8.2 சென்டிமீட்டராகவும், 45 டிகிரியில் 6.7 சென்டிமீட்டராகவும் சுருங்கும். 30 டிகிரியில் தட்டையாக வரும் பந்துக்கு மிஞ்சுவது 4.75 சென்டிமீட்டர்தான், பந்தே 4 சென்டிமீட்டர் என்பதால் தவறுக்கு இடமே இல்லை. வேகமாக, நேர்கோட்டில் எறிபவர்களுடைய பந்து விளிம்பில் பட்டுத் தெறிப்பதற்கு இதுவே காரணம். அதற்காகக் கூரையை நோக்கி எறிவதும் தவறு. உயரம் கூடக்கூட வேகமும் கூட வேண்டும், இவ்வளவு லேசான பந்தைக் காற்று அதிகம் அலைக்கழிக்கும், பெரிய அரங்குகளில் ஏசி காற்று மேசைக்கு மேலேயே அடிக்கும். கையிலிருந்து விடும் கோணம் 45 டிகிரிக்கு அருகில் இருந்தால் போதுமானது. அந்தக் கோணத்தில் கை சற்றே பிசகினாலும் பந்து போகும் தூரம் அதிகம் மாறுவதில்லை. கை கப்பைவிட உயரத்தில் இருப்பதால் இறங்கும்போது சாய்வு தானாகவே இன்னும் செங்குத்தாகிவிடும்.

பந்தைக் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகிய மூன்றின் நுனிகளில் பிடியுங்கள்; உள்ளங்கையில் பட வேண்டாம். வலக்கைக்காரராக இருந்தால் வலக்கால் முன்னே, விளிம்பிலிருந்து எப்போதும் ஒரே இடைவெளியில் இருக்கட்டும். மேல்கையை அசைக்காமல் முழங்கையிலிருந்து மட்டும் கையை நீட்டி, கடைசியில் மணிக்கட்டை மெல்லத் தளர்த்தினால் போதும். தோளிலிருந்து எறிபவருக்குக் களைப்பு வந்ததும் தூரம் குறையும்; முழங்கையிலிருந்து எறிபவருக்கு மாலைவரை அதே தூரம் நிற்கும். எறிவதற்கு முன் பந்தைத் துடையுங்கள். பக்கத்தில் உள்ள தண்ணீர்க் கப்பில் முக்கிக் கழுவிய பந்தில் மெல்லிய நீர்ப்படலம் தங்கிவிடும். விரல் வழுக்கினால் பந்து எதிர்பாராத சுழற்சியோடு வெளியேறி, ஒரு கப் அளவுக்குப் பக்கவாட்டில் விலகும். தேர்ந்த ஆட்டக்காரர்கள் இடுப்பில் ஒரு சிறு துண்டைச் செருகியிருப்பதைப் பார்க்கலாம்; ஒவ்வொரு பந்தையும் அதில் இரண்டு முறை உருட்டி, விரலையும் துடைத்துக்கொண்டு, ஒரே மாதிரி மூச்சு விட்டுவிட்டுத்தான் எறிவார்கள். நூறு பேர் கத்தும் கூடத்தில் அந்த வழக்கமே அவர்கள் கவனத்தைக் காக்கிறது.

10 கப்களும் நிற்கும்போது குறி பார்ப்பதில் பெரிய நுணுக்கம் தேவையில்லை. முக்கோணத்தின் நடுவில் உள்ள கப்பை நோக்கி எறிந்தால், எந்தப் பக்கம் விலகினாலும் ஏதோவொரு கப் ஏந்திக்கொள்ளும். தொடக்கத்தில் எவரும் நன்றாக ஆடுவதுபோல் தோன்றுவது இதனால்தான். சிக்கல் 4 கப்பிலிருந்து தொடங்குகிறது. தனியே நிற்கும் கப்பைச் சுற்றி ஆதரவான கப் எதுவும் இல்லாததால், 10-க்கு 6 என்று பெருமைப்படுபவர் திடீரென்று 3-க்கு இறங்கிவிடுவார். அதனால் பயிற்சியில் 10 கப்களை அடுக்கி முழு ஆட்டம் ஆடுவதில் நேரத்தைச் செலவிடாதீர்கள். 3 கப் முக்கோணம், முன்னும் பின்னுமாக 2 கப், நடுவில் ஒற்றைக் கப் ஆகிய மூன்று அமைப்புகளை மட்டும் வைத்து எறியுங்கள். நான் உதவிய சிறு போட்டிகளில் பார்த்தவரை, முன்னிலையில் இருந்த அணி தோற்பதெல்லாம் ஒற்றைக் கப்பின் முன்னால்தான் நிகழ்கிறது. தூரம் கையில் பதிந்துவிட வேண்டும்; பின்வரிசைக் கப்பின் நடுப்பகுதி எறிபவரின் விளிம்பிலிருந்து ஏறக்குறைய 2.37 மீட்டரும், முன்முனைக் கப் 2.12 மீட்டரும் தள்ளியிருக்கும். இந்தக் கால் மீட்டர் வேறுபாட்டைக் கை தானாக உணரும்வரை விட வேண்டாம்.

வேர்ல்டு சீரிஸ் போன்ற போட்டிகளுக்கு நேரடியாகப் பணம் கட்டியும் சேரலாம். நாடெங்கும் மதுக்கூடங்களில் நடந்த துணைப் போட்டிகளில் வென்று இலவச இடம் பெற்றவர்களும் உண்டு. வெல்லும் நம்பிக்கை இல்லாவிட்டாலும், உங்கள் ஊருக்கு அருகே இத்தகைய உள்ளூர்ப் போட்டிகள் நடந்தால் கட்டாயம் போங்கள். அறிமுகமில்லாத எதிராளி, பழக்கமில்லாத மேசை, காத்திருக்கும் நேரம், நடுவரிடம் விதி கேட்பது ஆகியவற்றுக்கு வீட்டில் எவ்வளவு ஆடினாலும் பயிற்சி கிடைக்காது.

தேசியப் போட்டியின் நடைமுறை பல நாள் நீளும். வேர்ல்டு சீரிஸ் அமைப்பில் ஒவ்வோர் அணிக்கும் முதல் இரு நாட்களில் 12 தொடக்க ஆட்டங்கள் இருந்தன. அவற்றின் வெற்றி எண்ணிக்கையையும் கப் வித்தியாசத்தையும் வைத்து அணிகளை வரிசைப்படுத்தி, மேலே உள்ளவர்களைக் கடைசி நாளின் இரட்டைத் தோல்வி முறைக்கு அனுப்பினார்கள். அதில் இரண்டு முறை தோற்ற அணி வெளியேறும். கப் வித்தியாசத்தின் அருமை முதல் நாளில் பலருக்குப் புரிவதில்லை. வெற்றி எண்ணிக்கை சமமான அணிகள் பல இருக்கும்போது, 6 கப் மிச்சமிருக்கத் தோற்றவரையும் 1 கப் மிச்சமிருக்கத் தோற்றவரையும் பிரிப்பது அதுவே. ஆகவே தோல்வி உறுதியான ஆட்டத்திலும் ஒவ்வொரு கப்புக்கும் முழு மனதோடு எறியுங்கள். வெற்றி உறுதியான ஆட்டத்திலும் விரைவாக முடியுங்கள். உங்கள் மூன்று அணிகளில் ஓய்வில் உள்ளவர்கள், ஆடுபவர்களின் மேசைக்குப் பின்னால் நின்று கப் எண்ணிக்கையைக் குறித்துக்கொண்டால் முடிவுச் சீட்டில் பிழை வந்தால் உடனே சுட்டிக்காட்டலாம்.

குடிப்பதைப் பற்றி இனித் தெளிவாகப் பேச வேண்டும். வீட்டு ஆட்டத்தில் 10 கப்களில் இரண்டு கேன் பீரைப் பிரித்து ஊற்றுவது வழக்கம். பந்து விழுந்த கப்பில் உள்ளதைக் குடிக்க வேண்டும். தோற்கும் இணையில் ஆளுக்கு ஒரு கேன் என்று வைத்தால், நாளொன்றுக்கு ஆறு ஆட்டத்தில் ஆறு கேன் வரை போகலாம். 5 விழுக்காடு ஆல்கஹால் உள்ள 355 மில்லி கேனில் 14 கிராம் ஆல்கஹால் இருக்கிறது; உடல் அதைக் கரைக்க ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்கும் மேல் எடுத்துக்கொள்ளும். ஆட்டமோ இருபது நிமிடத்தில் முடிந்து அடுத்ததற்கு அழைப்பு வந்துவிடும். பெரிய போட்டிகளில் கப்களில் தண்ணீரை ஊற்றி, குடிப்பதை அவரவர் விருப்பத்துக்கு விட்டுவிடும் வழக்கம் ஏற்பட்டதற்கு இது ஒரு காரணம். சுகாதாரம் இன்னொரு காரணம். கிளெம்சன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்த ஆட்டத்தின் பந்துகளைச் சோதித்து, பந்தில் ஒட்டிய கிருமிகள் பீருக்குள் செல்வதைக் காட்டியிருக்கிறார்கள். தரையில் உருண்ட பந்து விழுந்த கப்பிலிருந்து எவரும் குடிக்க வேண்டியதில்லை. உங்கள் வீட்டுப் பயிற்சியிலும் இன்றே தண்ணீருக்கு மாறிவிடுங்கள்.

ஒன்றிரண்டு பீர் குடித்தால் கை தளர்ந்து நன்றாக விழும் என்று சொல்பவர்கள் உண்டு. பதற்றம் சற்றுக் குறைவது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் தூரக் கணிப்பும் விரல் நுனியின் கட்டுப்பாடும் அதற்கு மேல் விரைவாகக் குலைகின்றன, குலைவதும் குடித்தவருக்குத் தெரிவதில்லை. மாலை ஐந்தாம் ஆட்டத்தில் நிதானமாக நிற்கும் சாதாரண அணி, காலையில் கலக்கிய அணியைச் சாய்ப்பதைப் பல முறை பார்த்திருக்கிறேன். உங்கள் இணைக்கு நான் சொல்வது: அன்றைய கடைசி ஆட்டம் முடியும்வரை ஆளுக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம்; வேண்டவே வேண்டாம் என்பவரை எவரும் வற்புறுத்த வேண்டாம். மதுவே தொடாத நண்பரும் தேசிய அளவில் ஆடக்கூடிய ஆட்டம் இது. வயிறு நிறையச் சோறோ ரொட்டியோ சாப்பிட்டுவிட்டுப் போங்கள், ஆட்டங்களுக்கு இடையே தண்ணீர் குடியுங்கள். பாலைவன நகரமான லாஸ் வேகாஸின் வறண்ட காற்றிலும் விடுதியின் ஏசியிலும் தாகம் எடுக்காமலே உடல் வற்றும்.

இந்த ஆட்டத்தின் மீதுள்ள பழியும் இங்கேதான் பிறக்கிறது. 2005-இல் பீர் தயாரிக்கும் ஆன்ஹைசர் புஷ் நிறுவனம் 'பட் பாங்' என்ற பெயரில் மதுக்கூடங்களில் இதை ஊக்குவித்தது. தண்ணீரில்தான் ஆட வேண்டும் என்று தாங்கள் சொல்லியிருப்பதாக நிறுவனம் விளக்கமளித்தாலும், ஆடுபவர்கள் பீரையே பயன்படுத்துவது செய்தித்தாளில் வெளியானதும், அந்த ஆண்டிலேயே திட்டத்தைக் கைவிட்டது. ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகம் 2007-இல் தன் வளாகத்தில் இதற்கான மேசைகளையே தடை செய்தது. வேகமாகக் குடிக்க வைக்கும் ஆட்டம் என்ற குற்றச்சாட்டு நியாயமானது. திறமைப் போட்டியாக இதை மதிப்பவர்கள் அதற்குத் தரக்கூடிய பதில், தண்ணீர் ஊற்றி ஆடுவதுதான்.

எதிராளிகள் கவனத்தைக் கலைப்பதற்கும் தயாராக வேண்டும். மேசையின் எல்லைக்குள் கை நீட்டாமல், பந்தையோ கப்பையோ தொடாமல் எதிரணி என்ன கூச்சல் போட்டாலும் பெரும்பாலான போட்டிகள் அனுமதிக்கின்றன. கப்புக்குப் பின்னால் கையசைப்பார்கள், பாடுவார்கள், உங்கள் முந்தைய தவறைச் சொல்லிக் கேலி செய்வார்கள். பயிற்சியில் மற்ற இரு இணைகளும் இதையே உங்களுக்குச் செய்யட்டும். ஒரு வரம்பையும் வைத்துக்கொள்ளுங்கள்: எதிராளியின் உச்சரிப்பையோ நிறத்தையோ உடலையோ குறித்து உங்களில் எவரும் வாய் திறக்கக் கூடாது, உங்களைப் பார்த்து எவரேனும் அப்படிப் பேசினால், பதிலுக்குக் கத்தாமல் நடுவரை அழையுங்கள்.

எல்லாவற்றிலும் கடினமான தருணம் ரிபட்டல். எதிரணி கடைசிக் கப்பை வீழ்த்திவிட்டது, உங்கள் முன்னால் அவர்களுடைய இரண்டு கப் நிற்கிறது, நீங்கள் தவறவிட்டால் முடிந்தது என்ற நிலையில் பெரும்பாலானோர் அவசரப்படுகிறார்கள். அப்போது பந்தைத் துடைக்கும் வழக்கத்தை வேண்டுமென்றே மெதுவாகச் செய்யுங்கள். இணையில் உள்ள மற்றவர் எதுவும் பேசாமல் பக்கத்தில் நிற்பது போதும்; 'போட்டுடு மச்சி' என்ற ஒரு சொல்கூட அந்த நேரத்தில் பாரமாகிவிடும். தவறவிட்டவரைக் கடிந்துகொள்வது அடுத்த ஆட்டத்தையும் சேர்த்துக் கெடுக்கும். குறை இருந்தால் இரவு அறைக்குப் போன பிறகு பேசிக்கொள்ளுங்கள்.

பயணம், பணம், சட்டம் ஆகியவற்றில் மாணவர்கள் கவனிக்க வேண்டியவை சில. அமெரிக்காவில் மது அருந்தும் வயது 21. காசினோ வளாகத்தில் நடக்கும் போட்டியில் நீங்கள் தண்ணீர்தான் குடிக்கிறீர்கள் என்றாலும் 21 நிறைந்ததற்கான அசல் அடையாள அட்டையோ பாஸ்போர்ட்டோ கேட்பார்கள். கைப்பேசியில் உள்ள படம் செல்லாது. நெவாடாவில் வாகனம் ஓட்டுபவரின் இரத்த ஆல்கஹால் வரம்பு 0.08 விழுக்காடு; வழியில் யூட்டா மாநிலத்தைக் கடப்பவர்களுக்கு அது 0.05. இந்திய மாணவர்களுக்கு இது அபராதத்தோடு முடிவதில்லை. குடித்துவிட்டு ஓட்டியதாகக் கைது செய்யப்பட்டாலே, தீர்ப்புக்குக் காத்திராமல் விசாவை ரத்து செய்யும் நடைமுறையை அமெரிக்க வெளியுறவுத் துறை 2015 முதல் பின்பற்றுகிறது. ஆறு பேரும் காரில் போனால், திரும்பும் நாள்வரை சாவியைத் தொட வேண்டாம். போட்டி நடக்கும் விடுதியிலேயே தங்கிவிட்டால் அதற்குத் தேவையும் இராது. பரிசுத் தொகைக்கு வரி உண்டு. வரிச் சட்டப்படி வெளிநாட்டவராகக் கருதப்படும் மாணவரிடம் பொதுவாக 30 விழுக்காட்டைப் பிடித்துக்கொண்டே கொடுப்பார்கள். உள்ளூர் மதுக்கூடமோ நிறுவனமோ விளம்பரச் சட்டைக்குப் பணம் தருவதாகச் சொன்னால், அது வேலையாகக் கருதப்படுமா என்று பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கேட்ட பிறகே சம்மதியுங்கள்.

கடைசியாக, நண்பர்கள் மூன்று அணிகளாகப் போகும்போது பலர் பேசாமல் விட்டுவிடும் இரண்டைப் புறப்படுவதற்கு முன்பே பேசி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது பணம். பதிவுக் கட்டணம், அறை, பெட்ரோல் ஆகியவற்றை ஆறாகப் பிரிப்பது எளிது. ஓர் அணி மட்டும் பரிசு வாங்கினால் அது இருவருக்கா, ஆறு பேருக்கா என்பதைப் பரிசு கிடைத்த பிறகு முடிவு செய்ய முனைந்தால் நட்பு தாங்காது. பொதுச் செலவைக் கழித்துவிட்டு மிச்சத்தை ஆடிய இருவரே எடுத்துக்கொள்வது எனக்கு நியாயமாகப் படுகிறது, ஆனால் உங்கள் ஆறு பேருக்கும் ஒப்புதலானது எதுவோ அதுவே சரி. இரண்டாவது, கடைசி நாளில் உங்கள் அணிகளில் இரண்டு ஒன்றோடொன்று மோத நேர்வது. முன்னேற வாய்ப்புள்ள அணிக்காக மற்றது விட்டுக்கொடுப்பது பெருந்தன்மையாகத் தோன்றலாம். வெளியே காத்திருக்கும் மற்ற அணிகளுக்கு அது அநீதி, தெரியவந்தால் இரண்டு அணிகளையும் நீக்கவும் அமைப்பாளர்களுக்கு நியாயம் உண்டு. அந்த மேசையிலும் 10 கப்பையும் அடுக்கி, கேலி, கூச்சல், ரிபட்டல் எதையும் குறைக்காமல் முழு ஆட்டத்தை ஆடுங்கள்.